எஞ்சின் புதுசு, படகு பழசு: மும்பை படகு விபத்தில் அதிகம் பேசப்படாத 'சோதனை ஓட்டம்'

2024 டிசம்பர் 18, மாலை 4 மணி இருக்கும். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' என்ற பயணிகள் படகின் மீது, கடற்படையின் ஸ்பீடு போட் ஒன்று முழு வேகத்தில் வந்து மோதியது. நீல்கமல் கவிழ்ந்தது. குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். மோதுவதற்குச் சில நொடிகள் முன்புவரை பயணி ஒருவர் எடுத்த வீடியோவை நாடே பார்த்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வளைந்து வந்த அந்தச் சின்னப் படகு கடைசிவரை திரும்பவே இல்லை.

எஞ்சின் சோதனை ஓட்டத்தின்போது எஞ்சினில் கோளாறு ஏற்பட்டு, படகு கட்டுப்பாட்டை இழந்தது என்று கடற்படை அன்றே அறிவித்தது. அந்த ஸ்பீடு போட்டுக்குச் சமீபத்தில்தான் எஞ்சின் மாற்றப்பட்டிருந்தது என்றும் செய்திகள் வந்தன. கடற்படையினருடன் எஞ்சின் தயாரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் படகில் இருந்தார்கள். இறந்தவர்களில் அவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு நடந்த விவாதம் முழுக்க நீல்கமல் பக்கமே போனது. 84 பயணிகளுக்கு அனுமதி பெற்ற படகில் நூறு பேருக்கு மேல் ஏற்றியது ஏன்? லைஃப் ஜாக்கெட் ஏன் போடவில்லை? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். லைஃப் ஜாக்கெட் இருந்திருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனா, இடித்தது நீல்கமல் அல்ல. புது எஞ்சின் மாட்டிய ஒரு படகு, நட்டநடு பயணிகள் பாதைக்குப் பக்கத்தில், முழு வேகத்தில் ஏன் ஓட்டிப் பார்க்கப்பட்டது? இந்தக் கேள்வி சீக்கிரமே பின்னால் போய்விட்டது.

இது கடற்படையோடு மட்டும் முடிகிற விஷயமில்லை. இந்தியாவின் கடற்கரையிலும் ஆறுகளிலும் ஓடும் ஆயிரக்கணக்கான பழைய படகுகளுக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதில் என்ன நடக்கிறது, ஆபத்து எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

படகை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் ஏன் மாற்றுகிறார்கள்?

காரணம் எளிது. ஒழுங்காகப் பராமரித்தால் படகின் உடல் எஞ்சினைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும். நல்ல மரத்தில் கட்டிய லாஞ்ச் ஒன்று முப்பது, நாற்பது வருடம் ஓடுவது சாதாரணம். ஃபைபர் படகும் அப்படித்தான். உள்ளே பொருத்திய டீசல் எஞ்சின், அதாவது 'இன்போர்டு' எஞ்சின், உப்புக் காற்றிலும் ஈரத்திலும் நாள் முழுக்க உழைத்து முதலில் தேய்ந்துபோகிறது. நீலப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் பண்ணிவிடலாம். ஆனால் பழைய மாடலுக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுவிட்டால், இரண்டாவது ஓவர்ஹாலுக்குச் செலவழிப்பதைவிட புதுசு போடுவதே மேல் என்று உரிமையாளர் முடிவு செய்துவிடுவார்.

இரட்டை எஞ்சின் படகாக இருந்தால் இன்னொரு ஆசையும் வரும். ஒன்றுதானே போச்சு, அதை மட்டும் மாற்றுவோம் என்பது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று வைத்துக்கொண்டு ஓட்டினால் இரண்டும் ஒரே வேகத்தில் இழுக்காது. சுக்கானைப் பிடித்தவர் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

'கழற்று, மாட்டு' என்பது ஏன் நடக்காது?

காரில் அதே மாடல் எஞ்சினை எடுத்து மாட்டினால் வேலை முடிந்தது. படகில் அப்படி இல்லை. இருபது வருடத்துக்கு முன்பு போட்ட அதே எஞ்சின் இன்று பெரும்பாலும் சந்தையில் இருக்காது. புதுசு வேகமாகச் சுற்றும், எடை குறைவாக இருக்கும், கேபிளுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும். இந்த மூன்று வித்தியாசமும் மூன்று தனித்தனிச் சிக்கல்கள்.

முதலில் வேகம். பழைய எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றியது, கியர்பாக்ஸ் அதை இரண்டில் ஒன்றாகக் குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். புரொப்பல்லர் 900 முறை சுற்றும். இப்போது 2,400 முறை சுற்றும் புது எஞ்சினைக் கொண்டுவந்து, கியர்பாக்ஸ் நல்லாத்தானே இருக்கு என்று அதிலேயே மாட்டினால், அதே புரொப்பல்லர் 1,200 முறை சுற்ற வேண்டும். மூன்றில் ஒரு பங்குதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் புரொப்பல்லர் கேட்கும் சக்தி, சுற்றும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். அதே புரொப்பல்லரைச் சுற்ற முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல், ஏறக்குறைய 2.4 மடங்கு சக்தி வேண்டும். எஞ்சினிடம் அது இருக்காது. திணறும், கறுப்புப் புகை கக்கும், சூடேறும். போட்ட புது எஞ்சின் ஒன்றிரண்டு வருடத்தில் பழசாகிவிடும். ஆக, எஞ்சின் மாற்றும்போது கியர்பாக்ஸையும் புரொப்பல்லரையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பணம் கையைக் கடிக்கும்போது பலர் தவிர்க்க நினைக்கும் செலவும் இதுதான்.

அடுத்தது எடை. இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் படகின் அடித்தளத்தில் உட்கார்ந்து, பாரம் வைத்த மாதிரி படகை நிலையாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு சில நூறு கிலோ குறைவான எஞ்சினை வைத்தால் படகு சற்று மிதந்து எழும், பின்பக்கம் தூக்கும். கீழே பாரம் குறைந்ததால், மேல்தளத்தில் ஆள் ஏறும்போது முன்பைவிட அதிகம் ஆடும். கிடைத்த லாபத்தை ஈடுகட்ட மேல்தளத்தில் இன்னும் நாலு பெஞ்ச் போட்டால், அதே அனுமதி எண்ணிக்கைக்குள்ளேயே படகு ஆபத்தான படகாகிவிடும்.

எஞ்சின் உட்காரும் கட்டைகளின் கதை தனி. பழைய மரப் படகில் அந்தக் கட்டைகள் வருடக்கணக்கில் டீசலிலும் அடித்தண்ணீரிலும் ஊறியிருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே மரம் இற்றுப்போயிருக்கும். புது எஞ்சினின் கால்கள் பழைய துளைகளுக்குச் சரியாக அமையாது என்பதால் புதுத் துளை போடுவார்கள். அப்போதுதான் உண்மை தெரியவரும், துளை போடுபவர் நின்று கவனித்தால்.

பிறகு ஷாஃப்ட் நேர்க்கோடு. எஞ்சின் பக்கத்து வட்டத் தகடும் ஷாஃப்ட் பக்கத்துத் தகடும் முகத்துக்கு முகம் பொருந்த வேண்டும். நாலு அங்குலத் தகடு என்றால் பொதுவாக அனுமதிக்கும் பிசகு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இதைக் கரையில் பார்த்துவிட்டு வந்தால் போதாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் லேசாக வளைந்து புது வடிவம் எடுக்கும். படகு ஒரு நாளாவது மிதந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் முதலில் அதிர்வு வரும், அப்புறம் சீல் போகும், ஒருநாள் தண்ணீர் உள்ளே வரும்.

குளிர்விக்கும் கடல்நீர்க் குழாய், புகைக்குழாயின் அகலம், எஞ்சின் அறைக்குக் காற்று வரும் வழி எல்லாம் பழைய எஞ்சினுக்கு அளந்து வைத்தவை. புதுசுக்கு அவை போதாமல் போகலாம். அதிலும் புகைக்குழாய் ஒடுங்கலாக இருந்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

சாவியைத் திருப்பினால் நின்றுவிடாதா?

மும்பை வீடியோவைப் பார்த்த பலரும் கேட்ட கேள்வி: கோளாறு என்று தெரிந்ததும் எஞ்சினை ஆஃப் பண்ணியிருக்கலாமே?

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. எரிபொருளும் காற்றும் கிடைக்கும்வரை அது ஓடும். பழைய வகை டீசல் எஞ்சினில் சாவியைத் திருப்பினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டீசலை அடைக்கத் தனியாக ஒரு கம்பியையோ மின்வால்வையோ இயக்க வேண்டும். டர்போ சீல் உடைந்து எஞ்சின் தன் சொந்த ஆயிலையே எரிக்க ஆரம்பித்தால் டீசலை அடைத்தும் பயனில்லை. காற்று போகும் வழியை அடைத்தால்தான் நிற்கும்.

எலக்ட்ரானிக் எஞ்சினில் வேறு விதச் சிக்கல். கையில் இருக்கும் லீவர் எஞ்சினை நேரடியாக இழுப்பதில்லை. ஒரு கணினிக்குச் சிக்னல் அனுப்புகிறது, கணினி எஞ்சினுக்குச் சொல்கிறது. பழைய படகின் பழைய வயரிங்கில், உப்பேறிய கனெக்டரில், புதுக் கணினியை இணைப்பது சாதாரண வேலையில்லை.

சரி, எப்படியோ எஞ்சினை நிறுத்தியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். அதிவேகப் படகுகள் பலவற்றில் தனியாகச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் நீரையோ, புரொப்பல்லர் பகுதியையோ திருப்பித்தான் படகைத் திருப்புகிறார்கள். எஞ்சின் நின்றால் உந்துதல் நிற்கும், அதோடு திருப்பும் சக்தியும் போய்விடும். படகு வந்த வேகத்தில் கொஞ்ச தூரம் நேராக வழுக்கிக்கொண்டு போகும். அதாவது எஞ்சின் அடங்காமல் ஓடினாலும் பிரச்சினை, திடீரென்று நின்றாலும் பிரச்சினை. இவற்றில் அன்று எது நடந்தது என்று சொல்ல வேண்டியது விசாரணை. ஆனால் புது எஞ்சின் மாட்டிய முதல் சில மணி நேரத்தில் இதில் எதுவும் நடக்கலாம் என்பது தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். சோதனை ஓட்டம் என்ற ஒன்றே அதற்காகத்தான் இருக்கிறது.

சோதனை ஓட்டம் எப்படி நடக்க வேண்டும்?

முறை ஒன்றும் ரகசியமில்லை. முதலில் படகைத் துறையில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு எஞ்சினை ஓட்ட வேண்டும். முன்னே, நடுநிலை, பின்னே என்று கியர் மாற்றிப் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், கேபிள் மாறிப்போய் 'முன்னே' என்றால் படகு பின்னே வருவது எஞ்சின் மாற்றத்துக்குப் பிறகு நடக்கக்கூடிய தப்புதான். புது கியர்பாக்ஸ் எதிர்த்திசையில் சுற்றினாலும் அதேதான். லீவரைத் தள்ளினால் ஏறுகிறதா, விட்டால் இறங்குகிறதா, அவசர நிறுத்தம் வேலை செய்கிறதா என்பதெல்லாம் கட்டிய நிலையிலேயே தெரிந்துவிட வேண்டும். பிறகு மெதுவான வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. வெப்பம், ஆயில் அழுத்தம், அதிர்வு எல்லாம் சரி என்றால்தான் அடுத்த படி.

கடைசிப் படிதான் சிக்கலானது. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் எஞ்சின் மாற்றம் முடிந்ததாகச் சொல்ல முடியாது. முழுக்கத் தள்ளும்போது எஞ்சின் தன் உச்ச சுழற்சியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் புரொப்பல்லர் பெரிது, தாண்டிப் போனால் சிறிது. இதைத் துறையில் கட்டிவைத்துக்கொண்டு பார்க்க முடியாது. இன்னும் நம்பிக்கை வராத ஒரு இயந்திரத்தை, அதன் உச்ச வேகத்தில், திறந்த நீரில் ஓட்டியே ஆக வேண்டும். இந்த ஆபத்தைத் தவிர்க்க வழியில்லை. எங்கே வைத்துக்கொள்வது என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

ஒரு சின்னக் கணக்கு. 30 நாட் வேகத்தில் போகும் படகு நொடிக்கு 15 மீட்டர் கடக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு படகு இருந்தால், இடையில் இருப்பது அரை நிமிடம்தான். ஓட்டுபவர் ஏதோ சரியில்லை என்று உணர்ந்து, ஒருமுறை முயன்று, முடியாமல் அடுத்த வழியைத் தேடும்போதே அது தீர்ந்துவிடும். எதிரே இருப்பது எட்டு, ஒன்பது நாட் வேகத்தில் ஊர்ந்து போகும் மர லாஞ்ச். அதனால் விலகிப்போகவும் முடியாது. அது எஞ்சின் பழசு என்பதால் மட்டுமல்ல. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் வகைப் படகுக்கு அதன் நீளமே வேக வரம்பு. நீர்மட்டத்தில் 50 அடி நீளமுள்ள படகுக்கு அது ஏறக்குறைய 9.5 நாட். எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் அதற்கு மேல் டீசல்தான் தீரும்.

மும்பைத் துறைமுகம் நாட்டிலேயே நெரிசலான நீர்ப்பரப்புகளில் ஒன்று. சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், கடற்படை, மீனவர், எலிஃபண்டாவுக்கும் அலிபாக் பக்கத்து மாண்ட்வாவுக்கும் போகும் பயணிகள் படகு எல்லாம் அதே தண்ணீரில். சோதனை ஓட்டத்தில் இருக்கும் படகை மற்றவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கட்டுப்பாட்டை இழந்த கப்பல் பகலில் இரண்டு கறுப்புப் பந்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஏற்ற வேண்டும் என்று சர்வதேசக் கடல் விதி சொல்கிறது. எஞ்சின் சோதனைக்கு என்று தனி அடையாளம் எதுவும் அதில் இல்லை. கார் ஓட்டக் கற்பவருக்கு 'எல்' போர்டு மாட்டுகிறோம். இதற்கு அதுகூட இல்லை.

என் பார்வையில், மும்பையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் மாற்றம் இங்கேதான் இருக்கிறது. துறைமுக எல்லைக்குள் முழு வேகச் சோதனைக்கு என்று பயணிகள் பாதையிலிருந்து விலகிய ஓர் இடம், ஒரு நேரம், வி.எச்.எஃப். வானொலியில் முன்னறிவிப்பு, பக்கத்தில் ஒரு துணைப்படகு. இதற்குப் பெரிய செலவு கிடையாது. சிவில் படகானாலும் கடற்படைப் படகானாலும் ஒரே விதி என்று இருந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021, எந்திரத்தால் ஓடும் படகுகளுக்குப் பதிவும் சர்வேயும் கட்டாயம் என்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களோடு பொருந்தாத அளவுக்குப் படகில் மாற்றம் செய்தால், அதையும் பதிவு செய்ய வேண்டும். காகிதத்தில் இது நல்ல விதி. நடைமுறையில் எஞ்சின் மாற்றத்தை 'ரிப்பேர்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. படகு அதே படகு, பெயர் அதே பெயர், யார் கேட்கப்போகிறார்கள்?

படகின் உடலையே மாற்றிவிட்டு அப்படிப் போனால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் பார்த்தது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். அங்கே எஞ்சின் பிரச்சினை இல்லை, அளவுக்கு மீறிய கூட்டமும் படகின் நிலைத்தன்மையும்தான். ஆனாலும் அடிப்படை ஒன்றே. ஒரு வேலைக்குக் கட்டிய படகை மாற்றியமைத்தால் அது வேறு படகு, அதைப் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

கடற்படைக் கலங்கள் சிவில் சர்வேயரின் கீழ் வருவதில்லை. அவர்களுக்குத் தனி நடைமுறை உண்டு. மும்பை விபத்து பற்றிக் கடற்படை தானே விசாரணைக்கு உத்தரவிட்டது. கொலாபா போலீசும் வழக்குப் பதிவு செய்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், கலத்தை அஜாக்கிரதையாகச் செலுத்துதல் ஆகிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106, 282-ஆம் பிரிவுகள் அதில் உண்டு. ஆனால் குற்ற வழக்கு, ஓட்டியவர் மேல் தப்பு உண்டா என்பதைத்தான் முதலில் பார்க்கும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் சோதனை நடத்தலாம் என்று முடிவு செய்த நடைமுறை சரியா என்பது வேறு கேள்வி.

மீன்பிடிப் படகுகளின் கதை

தமிழ்நாடு, கேரளக் கரைகளில் விசைப்படகுக்கு எஞ்சின் மாற்றுவது பெரும்பாலும் இன்னொரு ஆசையோடு சேர்ந்தே வரும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெருசாவே போட்டுடலாம் என்பது. அதிக சக்தி கொண்ட சீன எஞ்சின்கள் வந்தபோது காசிமேட்டில் மீனவர்களுக்குள்ளேயே மோதல் வந்தது. சின்ன எஞ்சின்காரர்கள் தங்களுக்கு மீன் மிஞ்சாது என்று தெருவில் இறங்கினார்கள். தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் 240 குதிரைத்திறனை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. அந்த விதி மீன்வளத்துக்காக வந்தது என்றாலும், பழைய உடலில் பெரிய எஞ்சினைத் திணிப்பதற்கும் அதுவே ஒரு கடிவாளம். செலவுக் கணக்கும் அதே பக்கம்தான் பேசுகிறது. டீசல் எஞ்சின் முழு உழைப்பில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும். 100 குதிரைத்திறன் கூட்டினால், முழு வேகத்தில் மணிக்கு 20 லிட்டர் கூடுதல்.

பழைய படகுக்குப் புது எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் டீலரிடம் பேரம் பேசும்போதே சிலதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கியர் விகிதமும் புரொப்பல்லரும் இந்தப் படகுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கப்படும் என்பது ஒன்று. தண்ணீரில் மிதந்த பிறகு ஷாஃப்ட் நேர்க்கோடு அளக்கப்படும் என்பது இன்னொன்று. சோதனை ஓட்டத்தில் எட்டிய உச்ச சுழற்சி, வெப்பம், ஆயில் அழுத்தம் ஆகியவற்றைத் தேதியோடு தாளில் தர வேண்டும். முதல் 50 மணி நேரம் ஓடிய பிறகு ஆயில் மாற்றி, போல்ட்டுகளையும் நேர்க்கோட்டையும் மறுபடி பார்த்துக் கொடுப்பதும் அந்த விலைக்குள்ளேயே வர வேண்டும். அந்த 50 மணி நேரமும் படகில் பயணிகளை ஏற்றாமல் இருந்தால் இன்னும் நல்லது. சீசனில் எந்த உரிமையாளரும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால்தான், எஞ்சின் மாற்றும் வேலையைப் படகுகள் சும்மா நிற்கும் மழைக்காலத்திலேயே முடித்துவிடுவது வசதி.